ஆபத்து வரும்போது அரசாங்கம் எந்த மொழியில் பேசும்?



இதைப் படிக்கும்போதே உங்கள் கைத்தொலைபேசியை எடுங்கள். பழைய செய்திகளைக் கொஞ்சம் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். வெள்ளம், புயல்காற்று, தொற்றுநோய், ஆலை விபத்து என்று ஏதாவது ஓர் ஆபத்தைப் பற்றி அரசாங்கம் உங்களுக்குத் தமிழில் கடைசியாக அனுப்பிய எச்சரிக்கை எது? எந்தத் தேதியில் வந்தது?

தேடிக்கொண்டே இருங்கள். தேர்தல் காலத்தில் வந்த தமிழ்ச் செய்திகள் கிடைக்கும். தீபாவளி வாழ்த்து கிடைக்கும், பொங்கல் வாழ்த்து கிடைக்கும், வேட்பாளர் கைகூப்பி நிற்கும் படம்கூட இருக்கும். "தண்ணீர் ஏறுகிறது, உடனே வீட்டை விட்டு வெளியேறுங்கள்" என்று தமிழில் ஒரு வரி கிடைக்குமா?

ஓட்டுக் கேட்கத் தமிழ் வருகிறது. உயிரைக் காப்பாற்றச் சொல்லும்போது மட்டும் தமிழ் வாய்க்குள் சிக்கிக்கொள்வது ஏன்? புக்கிட் தெங்கா வட்டாரத்தில் வாழும் ஒவ்வொரு பாட்டாளிக் குடும்பமும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நாம் எங்கே குடியிருக்கிறோம்?

புக்கிட் தெங்காவின் ஒரு பக்கம் பிறை தொழிற்பேட்டை. நம் ஊரிலேயே தொழிற்பூங்கா. தெற்கே ஜூரு, அதற்குப் பெயர் கொடுத்த ஜூரு ஆறு. ரயில் பாதை ஒரு பக்கம், நெடுஞ்சாலைகள் மறுபக்கம், அதில் இரவும் பகலும் ஓடும் டாங்கி லோரிகள். தோட்டங்களிலிருந்து வெளியேறிய நம் மக்கள் வாடகை குறைந்த வீடுகளிலும் ஃபிளாட்டுகளிலும் கம்போங்குகளிலும் வந்து தங்கினார்கள். ஆலையில் வேலை கிடைத்தது, ஆலைக்குப் பக்கத்திலேயே வாழ்க்கையும் அமைந்தது. வாடகை குறைந்த இடம் பெரும்பாலும் தாழ்வான இடமாக இருக்கும், அல்லது புகை வரும் இடமாக இருக்கும். ஏழைக்குக் கிடைக்கும் நிலம் அதுதான்.

அதனால் நமக்கு இரண்டு வகை ஆபத்து. ஒன்று தண்ணீர். கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் ஆற்று நீர் கடலுக்கு வடியாது, திரும்பி நம் வீட்டுக்குள் வரும். மற்றொன்று ஆலை. தீ, வெடிப்பு, வாயுக் கசிவு. இரண்டிலும் உயிரைத் தீர்மானிப்பது முதல் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் சரியான செய்தி, புரியும் மொழியில், நம் கதவு வரை வந்து சேர வேண்டும்.

நான்கு மணி நேரம் கையில் இருந்தும்...

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரப்படி காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு சுமத்ரா கடலடியில் நிலநடுக்கம். பினாங்கின் அடுக்குமாடிகளே ஆடின. தாய்லாந்தின் ஃபுக்கெட்டை அலை அடித்துத் துவைத்தது, நமக்கு அலை வருவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே. பினாங்குக் கடற்கரைக்கு அலை வந்தபோது மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. ஏறத்தாழ நான்கு மணி நேர அவகாசம்! "கடற்கரையை விட்டு விலகுங்கள்" என்று யாரும் ஒலிபெருக்கியில் சொல்லவில்லை. குடும்பத்தோடு குளிக்கப் போனவர்கள், குழந்தைகள் என்று பினாங்கில் மட்டும் 52 பேர் மாண்டார்கள். நாடு முழுவதும் 68 பேர்.

அன்று எந்த மொழியிலும் எச்சரிக்கை இல்லை. அதன் பிறகு தேசிய சுனாமி எச்சரிக்கை மையம் அமைத்தார்கள், கரையோரங்களில் அபாயச் சங்குகளை நிறுவினார்கள். நல்லது. ஆனால் சங்குக்கு மொழி கிடையாது. ஊதினால் எங்கே ஓடுவது, எதை எடுத்துக்கொள்வது, எப்போது திரும்பி வருவது என்று முன்கூட்டியே சொல்லித் தந்தால்தான் சங்கு பயன்படும். நமக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

அதே நாளில் தமிழ்நாட்டுப் பக்கம் நடந்ததைப் பாருங்கள். புதுச்சேரி அருகே நல்லவாடு என்னும் மீனவர் கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு கிராம அறிவு மையத்தை நடத்தியது. மீனவர்களுக்குக் கடல் நிலவரம் சொல்ல ஓர் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கிராமத்து இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் வீட்டுக்குப் போன் போட்டார். ஊர் மக்கள் மையத்துக்கு ஓடி, ஒலிபெருக்கியில் தமிழில் கத்தினார்கள். சுமார் 3,600 பேர் கொண்ட கிராமம், உயிரோடு தப்பியது.

ஒரு போன் அழைப்பு, ஓர் ஒலிபெருக்கி, மக்களுடைய மொழி. செயற்கைக்கோளும் கோடிக்கணக்கான ரிங்கிட்டும் செய்யாததை இந்த மூன்றும் செய்தன. நம் ஊரில் ஒலிபெருக்கி இல்லாத ஆலயம் உண்டா? பள்ளிவாசல் உண்டா? கருவி ஊரெங்கும் இருக்கிறது. அதில் எதைச் சொல்ல வேண்டும் என்று எழுதித் தர ஓர் அதிகாரிதான் இல்லை.

2017 நவம்பர் வெள்ளத்தை மறந்துவிட்டோமா?

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. அன்று பிடித்த மழையும் காற்றும் விடிய விடிய ஓயவில்லை. பினாங்கின் ஐந்து மாவட்டங்களும் பாதிக்கப்பட்டன. பொழுது விடிவதற்குள் மாநில அரசே இராணுவ உதவி கேட்க வேண்டிய நிலை வந்தது. ஏழு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் முதியவர்களும் இருந்தார்கள். செபராங் பிறையில் எத்தனை வீடுகளில் மெத்தையும் அடுப்பும் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகமும் சேற்றில் மிதந்தன என்று நாம் எல்லாரும் பார்த்தோம்.

அந்த இரவில் மக்கள் எதை நம்பினார்கள்? வாட்ஸ்அப்பை. அணை உடைந்துவிட்டது என்று ஒருவர் போடுவார், இல்லை என்று இன்னொருவர் போடுவார். அதிகாரப்பூர்வமான தமிழ்ச் செய்தி இல்லாத இடத்தில் வதந்திதான் தமிழில் பேசும். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோதும் இதையே பார்த்தோம். தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் குறுஞ்செய்திகள் மலாயில் வந்தன. நோயைப் பற்றிய பொய்களோ நல்ல தமிழில், குரல் பதிவாக, பாட்டியின் போன் வரை வந்தன. எது வேலை செய்தது?

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் நம் மக்கள் வீட்டுக் கூரைமேல் ஏறி உதவி கேட்டு நின்றதை நாடே பார்த்தது. அந்தப் பருவ வெள்ளத்தில் நாடு முழுவதும் 54 பேர் இறந்தார்கள். 610 கோடி ரிங்கிட் இழப்பு என்று புள்ளிவிவரத் துறையே கணக்குச் சொன்னது. சில வரித் தமிழ் வாக்கியங்களை முன்கூட்டியே தயார் செய்து வைக்க எவ்வளவு செலவாகும்? அந்த இழப்பில் ஒரு தூசு அளவுகூட ஆகாது.

"எல்லாருக்கும் மலாய் தெரியுமே!"

இதைத்தான் முதலில் சொல்வார்கள். நம்மில் சிலரும் சொல்வார்கள். பதில் சொல்வோம்.

நம் பிள்ளைகளுக்கு மலாய் தெரியும், நன்றாகவே தெரியும். தேசிய மொழியை நாம் மதிக்கிறோம், அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் காலை பத்து மணிக்கு உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்? மகன் ஆலையில், மருமகள் ஆலையில், பெரிய பேரன் பள்ளியில். வீட்டில் இருப்பது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய பாட்டியும், அவர் மடியில் கைக்குழந்தையும். கடையில் சாமான் வாங்கும் மலாய் அவருக்குத் தெரியும். எச்சரிக்கை அறிக்கையின் மலாய் தெரியுமா?

மலாய் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே அது குழப்பம். வடிகால் நீர்ப்பாசனத் துறை ஆற்று மட்டத்தை நான்கு படிகளாகச் சொல்கிறது: நோர்மல், வஸ்பாடா, அமாரான், பஹாயா. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. வானிலை ஆய்வுத் துறை தொடர் மழையை மூன்று படிகளாகச் சொல்கிறது: வஸ்பாடா, பூரோக், பஹாயா. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. ஒரே ஆரஞ்சு நிறத்துக்கு ஒரு துறையில் ஒரு பெயர், இன்னொரு துறையில் இன்னொரு பெயர். "அமாரான்" என்றால் பொதுவாக எச்சரிக்கை என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆற்று மட்டத்தில் அது சிவப்புக்கு முந்தைய படி, அதாவது மூட்டை கட்ட வேண்டிய நேரம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பயத்தில், இருட்டில், மின்சாரம் இல்லாதபோது, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அகராதி பார்க்க முடியுமா?

உயிர் போகும் நேரத்தில் மனிதனுக்குத் தாய்மொழிதான் முதலில் காதில் ஏறும். இதை உலகம் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறது. 1987 மே 22-ல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சரகோசா என்ற சிற்றூரைச் சூறாவளி தாக்கியது. அங்கிருந்தவர்கள் பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேசும் ஏழைக் குடும்பங்கள். எச்சரிக்கை ஆங்கிலத்தில் போனது. அவர்கள் பார்த்த ஸ்பானிய தொலைக்காட்சி வெளியூரிலிருந்து வந்ததால் அதில் உள்ளூர் எச்சரிக்கை வரவில்லை. மழலையர் பள்ளி நிறைவு விழாவுக்குக் கூடியிருந்தவர்கள் உட்பட 30 பேர் இறந்தார்கள்.

நம் சொந்த ரத்தத்தைப் பாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் இலங்கையை டிட்வா புயல் தாக்கியது. 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நுவரெலியா, பதுளை, கண்டி மலைப்பகுதிகளில் மண் சரிந்து வீடுகள் புதைந்தன. நம் பாட்டன் மலாயாவுக்குக் கப்பல் ஏறிய காலத்தில் இலங்கைக்கு நடந்து போன தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் வாழும் மலைகள் அவை. எச்சரிக்கைகள் சிங்களத்தில் வந்தன, தமிழில் வரவில்லை அல்லது தாமதமாக வந்தன என்று அங்குள்ள தமிழர்கள் கொதித்துப் பேசினார்கள். இத்தனைக்கும் இலங்கையில் 1987 முதல் அரசியலமைப்பின்படி தமிழும் ஆட்சிமொழி!

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம். சட்டப் புத்தகத்தில் தமிழ் இருந்தால் மட்டும் போதாது. ஆபத்து நேரத்தில் தமிழ்ச் செய்தியை அனுப்பும் பொறுப்பு இன்ன அதிகாரியுடையது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். யாருடைய வேலை என்று எழுதப்படாத வேலை நடக்காது.

"சட்டம் இடம் தராது!"

இரண்டாவதாக இதைச் சொல்வார்கள். பொய். 1963/67 தேசிய மொழிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள். பொது நலனுக்குத் தேவை என்று கருதினால் அதிகாரப்பூர்வ ஆவணங்களையும் செய்திகளையும் நாட்டின் மற்ற சமூகங்களின் மொழிகளில் மொழிபெயர்த்துப் பயன்படுத்தும் உரிமை மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் உண்டு என்று அது தெளிவாகச் சொல்கிறது. ஒரு குழந்தை நீரில் மூழ்காமல் இருப்பதை விடப் பெரிய பொது நலன் என்ன இருக்கிறது? சட்டம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. உள்ளே நுழைய மனம்தான் இல்லை.

முன்பு மனம் இருந்தது என்பதுதான் வேடிக்கை. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். அப்போது அரசாங்கத்துக்குத் தோட்டத் தொழிலாளியிடம் பேச வேண்டிய தேவை இருந்தது. உடனே தமிழ் கிடைத்தது! தமிழில் துண்டுப் பிரசுரம், தமிழில் பேசும் ஒலிபெருக்கி வண்டி, தோட்டத்துத் திடலில் படம். கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போடாதே என்று சொல்ல அன்று தமிழ் வந்தது. வெள்ளம் வருகிறது ஓடு என்று சொல்ல இன்று ஏன் வரவில்லை?

ஜோர்ஜ்டவுனில் 2008-க்குப் பிறகு தெருப்பெயர்ப் பலகைகளில் மற்ற மொழிகளோடு தமிழையும் பார்த்தோம். மகிழ்ச்சி. சுற்றுப்பயணி நின்று படம் எடுக்கத் தமிழ் வேண்டுமாம். கடலுக்கு இந்தப் பக்கம் பாட்டாளி பிழைத்துக்கொள்ளத் தமிழ் வேண்டாமா? பினாங்கு மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இந்தியர். நாம் விருந்தாளிகள் அல்ல.

பக்கத்து வீட்டைப் பாருங்கள். சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படையின் அவசரகாலக் கையேடு தமிழிலும் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் பிப்ரவரி 15 அன்று நாடு முழுக்க சங்கை ஊதிப் பழக்குகிறார்கள். இந்தியாவில் 2023-ல் கைத்தொலைபேசி அவசர எச்சரிக்கையைச் சோதித்தபோது தமிழ்நாட்டில் தமிழிலும் செய்தி வந்தது. தொழில்நுட்பம் தமிழை ஏற்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆலை பக்கம் திரும்புவோம்

வெள்ளம் மேகத்தைக் காட்டிவிட்டு வரும். வாயு சொல்லிக்கொண்டு வராது. 1984 டிசம்பரில் போபாலில் நள்ளிரவில் விஷவாயு கசிந்தது. வெளியே இருந்த மக்களுக்கான சங்கு சிறிது நேரம் ஊதி நிறுத்தப்பட்டது. ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள் என்ற சின்னச் செய்திகூட குடிசைகளுக்குப் போய்ச் சேரவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ஆலைக்கு ஒட்டியே குடியிருந்த ஏழைகள்தான் முதலில் விழுந்தார்கள்.

நம் நாட்டிலும் உண்டு. 1991 மே 7-ல் சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்ளர்ஸ் பட்டாசு ஆலை வெடித்து 26 பேர் மாண்டார்கள். 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி விழுந்தார்கள். ஒரு வாரத்துக்குள் 111 பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. முதல் நாளிலேயே பெற்றோருக்கு எல்லாம் தெளிவாகச் சொல்லியிருந்தால் எத்தனை பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்தியிருப்பார்கள்! 2025 ஏப்ரல் 1-ல் சிலாங்கூர் புத்ரா ஹைட்ஸில் நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்தது. நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயம். பக்கத்தில் காளியம்மன் ஆலயமும் இருந்தது. தங்கள் வீட்டுப் பக்கம் மண்ணுக்கடியில் என்ன ஓடுகிறது, அது வெடித்தால் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று அந்தக் குடும்பங்களுக்கு யாராவது உட்கார்ந்து சொல்லியிருப்பார்களா?

இங்கே ஒரு முக்கியமான சட்டம் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் 1996-ல் பெரும் தொழில் விபத்து அபாயக் கட்டுப்பாட்டு விதிமுறைகள் வந்தன. ஆபத்தான பொருள்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வைத்திருக்கும் ஆலை, விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய வெளி மக்களுக்குத் தகவல் தர வேண்டும். என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். கேட்டால் கொடுப்பது அல்ல, அவர்களே தர வேண்டியது.

உங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு தாள் வந்திருக்கிறதா? வந்திருந்தால் தமிழில் இருந்ததா? புரியாத மொழியில் கொடுத்த தாள், கொடுக்காத தாளுக்குச் சமம். தொழிலாளி வேண்டும் என்றால் ஆலை வாசலில் தமிழில் விளம்பரம் ஒட்டத் தெரிகிறது. அதே தொழிலாளியின் பிள்ளை தப்பிக்கும் வழியைத் தமிழில் அச்சிடத் தெரியாதா?

எப்படிப்பட்ட தமிழ்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெயருக்கு ஒரு தமிழ் அறிக்கை வந்தால் நாம் திருப்தி அடையக்கூடாது. "தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் விழிப்புடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்" என்று ஒரு வரி வந்தால், அதைப் படித்துவிட்டு என்ன செய்வது? என் வீடு தாழ்வான பகுதியா? விழிப்புடன் இருப்பது என்றால் தூங்காமல் இருப்பதா?

நல்ல எச்சரிக்கையில் ஐந்து விஷயம் இருக்கும்: யார் சொல்வது, என்ன ஆபத்து, எந்த இடத்துக்கு, எத்தனை மணிக்கு, நாம் என்ன செய்ய வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு:

"மாவட்ட அலுவலகம் அறிவிப்பு. ஜூரு ஆற்றுத் தண்ணீர் வேகமாக ஏறுகிறது. ஆற்றோரக் கம்போங் மக்கள் இரவு 9 மணிக்குள் வெளியேறுங்கள். பள்ளி மண்டபம் திறந்திருக்கிறது. ஐ.சி., மருந்து, குழந்தைப் பால் மட்டும் எடுங்கள். மெயின் சுவிட்சை அடையுங்கள். மோட்டாரில் தண்ணீரைக் கடக்காதீர்கள்."

ஏழே வாக்கியம். ஊர்ப்பெயரையும் மணியையும் மட்டும் மாற்றினால் எந்த இரவுக்கும் ஆகும். ஜப்பானில் 1995 கோபே நிலநடுக்கத்தில் அந்த நாட்டு மொழி சரியாகப் புரியாத வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தவித்தார்கள். அதன் பிறகு அங்கே ஆபத்து நேரத்துக்கென்றே "எளிய ஜப்பானிய மொழி" என்று ஒரு நடையை உருவாக்கினார்கள். கடினமான சொல்லை நீக்கிவிட்டு, சின்ன வாக்கியம் பேசுவது. நமக்கும் அப்படி ஓர் எளிய தமிழ் வேண்டும், எளிய மலாயும் வேண்டும். அது நமக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டிக்கும் சீன மூதாட்டிக்கும், நம்மோடு ஷிஃப்ட் வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளிக்கும் பயன்படும். நாம் நமக்காகக் கேட்பது யாரிடமிருந்தும் எதையும் பறிப்பதில்லை.

நம் கோரிக்கைகள்

மாநில அரசு, செபராங் பிறை தெங்கா மாவட்ட அலுவலகம், செபராங் பிறை மாநகர் கழகம், பேரிடருக்கான தேசிய நிறுவனமான நட்மா, தகவல் துறை ஆகிய அனைத்துக்கும் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை:

1. வெள்ளம், தீ, வாயுக் கசிவு, தொற்றுநோய் ஒவ்வொன்றுக்கும் மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் நான்கிலும் எச்சரிக்கை வாசகங்கள் இப்போதே எழுதித் தயாராக இருக்க வேண்டும். ஆபத்து வந்த பிறகு மொழிபெயர்ப்பாளரைத் தேடக்கூடாது.

2. கைத்தொலைபேசிக்கு வரும் அவசரச் செய்திகள் தமிழிலும் வர வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காக, தகவல் துறை, பொதுத் தற்காப்புப் படை வண்டிகளில் தமிழ்க் குரல் பதிவு ஒலிக்க வேண்டும்.

3. மின்னல் எஃப்எம் போன்ற தமிழ் வானொலிகளில் ஆபத்து நேரத்தில் பாட்டை நிறுத்திவிட்டு, எந்த வட்டாரம் என்று பெயர் சொல்லி அறிவிக்க வேண்டும்.

4. 1996 விதிமுறைகளுக்கு உட்பட்ட ஆலைகள் எவை என்று குடியிருப்பாளர்களுக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தமிழ்த் தாள் வீடு வீடாக வர வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை சங்கு ஊதிப் பயிற்சி நடத்த வேண்டும்.

5. ஒவ்வொரு நிவாரண மையத்திலும் தமிழ் பேசும் ஒருவர் இருக்க வேண்டும். உதவித் தொகைக்கான பாரம், கடைசித் தேதி எல்லாம் தமிழிலும் ஒட்டப்பட வேண்டும்.

6. இதற்கெல்லாம் பொறுப்பான அதிகாரியின் பதவியும் தொலைபேசி எண்ணும் அறிவிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் எச்சரிக்கை எத்தனை மணிக்கு, எந்த மொழியில், யாருக்குப் போனது என்ற அறிக்கை வெளிவர வேண்டும்.

"அது மத்திய அரசின் வேலை" என்று மாநிலம் சொல்லும். "அது மாநிலத்தின் வேலை" என்று மத்தியம் சொல்லும். தண்ணீருக்கு மத்தியமும் தெரியாது மாநிலமும் தெரியாது. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிவிட்டு நம்மிடம் வரட்டும்.

நாம் என்ன செய்யலாம்?

கோரிக்கை வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. நாம் செய்வதால் அரசாங்கத்தின் கடமை குறைந்துவிடவும் செய்யாது.

உங்கள் ஃபிளாட்டில், உங்கள் வரிசையில், தனியாக இருக்கும் முதியவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொருவரையும் கதவு தட்டி எழுப்ப ஓர் இளைஞரைப் பொறுப்பாக்குங்கள். ஆலய நிர்வாகத்திடம் பேசி ஒலிபெருக்கியை இதற்கும் பயன்படுத்த அனுமதி வாங்குங்கள். வஸ்பாடா, அமாரான், பூரோக், பஹாயா என்ற நான்கு சொற்களுக்கும் அர்த்தத்தைத் தமிழில் எழுதிப் பாட்டியின் கட்டிலுக்கு மேலே ஒட்டுங்கள். 999 எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். வாயுக் கசிவு என்றால் கதவு சன்னலை மூடி, காற்றாடி, ஏர்கோனை நிறுத்தி, ஈரத் துணியால் முகத்தை மூட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தாருங்கள். வெளியே மாட்டிக்கொண்டால் காற்று அடிக்கும் திசையிலேயே ஓடாமல் பக்கவாட்டில் விலக வேண்டும். யார் அனுப்பியது என்று தெரியாத வாட்ஸ்அப் செய்தியை அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள்.

அடுத்து, மேலே உள்ள ஆறு கோரிக்கைகளையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் குடியிருப்பில் கையெழுத்து வாங்கி, சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் கொண்டு போய்க் கொடுங்கள். பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். ஒரு மாதம் கழித்து அதே முத்திரையைக் காட்டிப் பதில் கேளுங்கள். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "வெள்ளம் வந்தால் எங்கள் அம்மாவுக்கு எந்த மொழியில் சொல்வீர்கள்?"

ரப்பர் வெட்டினோம், பாதை போட்டோம், ஆலைகளில் இரவும் பகலும் நிற்கிறோம். வரி கட்டுகிறோம். இந்த நாடு நம்முடைய நாடு. சாகும் ஆபத்து எல்லாருக்கும் பொது என்றால், தப்பிக்கும் செய்தியும் எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். இதைக் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. நிமிர்ந்து கேட்போம்.

அடுத்த பருவமழைக்கு முன்பே கேட்போம்!

உரிமையுடன்,
புக்கிட் தெங்கா வட்டாரத்திலிருந்து ஒரு தொண்டன்